வலிய நாயும் குறுகிய தெருவும்

பள்ளிப்பட்டில் நிகழ்ந்த பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

வலிய நாயினம் என்று இவ்வுரையில் குறிக்கப்படுவது, கடித்தால் தோலைக் கிழிப்பதோடு நில்லாமல் தசையையும் எலும்பையும் சிதைக்கத் தக்க உடல் எடையும் தாடை வலிமையும் உடையதாய், ஒருமுறை பற்றியதை எளிதில் விடாத இயல்போ அயலாரை அண்டவிடாத இயல்போ தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பேணப்பட்டதாய் உள்ள நாய்வகையாகும். பிட்புல், ராட்வீலர், டோகோ அர்ஜென்டினோ, கேன் கோர்சோ, மாஸ்டிஃப் முதலிய அயல்நாட்டு இனங்கள் இவ்வரையறைக்குள் வருகின்றன. தமிழ்நாட்டுக் கோம்பையும் ராஜபாளையமும் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்டவை ஆதலால், நம் மண்ணின் நாய்கள் என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை வரையறைக்கு வெளியே நிறுத்திவிட முடியாது. இந்த வரையறையில் நாய் நல்லதா கெட்டதா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. குழந்தையோடு உருண்டு விளையாடும் ராட்வீலரும் உண்டு, வாசலில் நிழலாடினாலே பாய்ந்து வரும் பொமரேனியனும் உண்டு. பொமரேனியன் வளர்ப்பவர் வாயிற்கதவைத் தாழிட மறந்தால் வழிப்போக்கர் ஒருவரின் கெண்டைக்காலில் பல் பதியும். ராட்வீலர் வளர்ப்பவர் அதே மறதியைச் செய்தால் ஒரு குழந்தையின் தலைத்தோல் உரிந்துவிடும். இரு வீட்டிலும் மறதி ஒன்றே, விளைவு ஒன்றன்று. ஆகவே வளர்ப்பவரின் கடமையும் ஒன்றாயிருக்க முடியாது என்பதே இவ்வுரை நிறுவ முற்படும் கருத்து.

இவ்வேறுபாட்டைக் கருதாமலே இரு தரப்பார் நெடுங்காலமாக வாதாடி வருகின்றனர். சில இனங்களின் பெயரைச் சொல்லி அவற்றை ஒழித்துவிட்டால் தெரு அமைதி பெற்றுவிடும் என்பார் ஒரு தரப்பார்; கெட்ட நாய் என்று ஒன்றில்லை, எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது என்பார் மறு தரப்பார். பின்னவர் தமக்குச் சான்றாகக் காட்டத்தக்க ஆய்வொன்று 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைக் குறித்து அவற்றை வளர்ப்போரிடம் கேட்டறிந்தும், 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தொகுதியைப் படித்தும் செய்யப்பட்ட அவ்வாய்வு, தனித்தனி நாய்களின் நடத்தையில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடியும் என்று கண்டது. ஒரு நாய் பிட்புல் என்று தெரிந்துகொண்ட அளவிலேயே அது சினமுள்ளது என்று முடிவுகட்ட இயலாது என்பதை இது உறுதிப்படுத்துகிறது. ஆனால் அந்த ஆய்வு அளந்தது நாயின் நடத்தையை. சினங்கொண்ட பிறகு அதன் பல் எவ்வளவு ஆழம் இறங்கும், விடுவிக்க எத்தனை பேர் வேண்டும் என்பவற்றை அன்று. வளர்ப்பே எல்லாம் என்போர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும்போது உண்மையில் பாதியைத்தான் சொல்கின்றனர்.

கடியின் வலிமை இனத்துக்கு இனம் வேறுபடும் என்பதற்கு இனங்களின் வரலாறும் துணைபுரிகிறது. இங்கிலாந்தில் கட்டிப்போட்ட காளை மீது நாய்களை ஏவி வேடிக்கை பார்க்கும் வழக்கம் 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டபின், அந்தப் புல்டாக் வகைகளையும் சுறுசுறுப்பு மிக்க டெரியர் வகைகளையும் கலந்து, குழியில் நாயோடு நாய் பொருதும் சூதாட்டத்துக்காக உருவாக்கப்பட்ட கால்வழியில் வந்ததே பிட்புல். அதன் தாடையில் பூட்டு உண்டு என்று ஊரார் சொல்வது உடற்கூற்றியலுக்குப் பொருந்தாது. பூட்டு எதுவும் இல்லை, வலியைப் பொருட்படுத்தாமல் பற்றியதைப் பற்றிக்கொண்டே இருக்கும் மனவுறுதிதான் தேர்ந்து வளர்க்கப்பட்டது. ராட்வீலர், தென் ஜெர்மனியின் ராட்வீல் நகரத்து இறைச்சி வணிகர்களின் மாடுகளை ஓட்டிச் சென்ற நாய். மாட்டை மறித்துத் திருப்பும் நாய்க்கு மனிதனை மறித்துத் தள்ளுவது கடினமன்று.

இனி நம் நாட்டிலும் தமிழ்நாட்டிலும் நிகழ்ந்ததைக் காணலாம். 2024 மார்ச் 12 அன்று இந்திய அரசின் கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மனித உயிருக்கு ஆபத்தானவை என்று இருபதுக்கும் மேற்பட்ட இனங்களின் பெயர்களைச் சொல்லி, அவற்றின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்கவும், ஏற்கெனவே வீடுகளில் உள்ளவற்றுக்குக் கருத்தடை செய்யவும் அது கூறிற்று. டெல்லி உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்கொன்றில், மனுதாரரின் கோரிக்கையை மூன்று மாதத்துக்குள் பரிசீலிக்குமாறு 2023 டிசம்பரில் இடப்பட்ட ஆணையின் விளைவே இச்சுற்றறிக்கை. அது அவசரத்தில் எழுதப்பட்டது என்பதற்குப் பட்டியலே சாட்சி: டோசா இனு என்று ஓரிடத்திலும் ஜப்பானிய டோசா என்று மற்றோரிடத்திலும் ஒரே இனம் இருமுறை இடம்பெற்றிருந்தது, டெரியர்கள் என்று ஒரு பெருங்குடும்பமே பொதுவாகச் சொல்லப்பட்டிருந்தது, அக்குடும்பத்தில் மடியில் வைத்துக் கொஞ்சும் அளவுள்ள நாய்களும் பலவுண்டு. உரியவர்களைக் கலந்து கேளாமல் பிறப்பிக்கப்பட்டது என்ற அடிப்படையில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரல் 10 அன்று அதை நீக்கியது. அதே மாதத்தில் டெல்லி உயர் நீதிமன்றத்திலும் அது நிலைக்கவில்லை.

அது நீங்கி ஒரு மாதம் நிறைவதற்குள், மே 5 அன்று, சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியின் மாடல் பள்ளிச் சாலையில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடித்துக் குதறின. பூங்காக் காவலாளியின் குழந்தை அவள். பூங்காவே அவள் வீடு. தலையில் ஏற்பட்ட கடுங்காயத்துக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. நாய்களுக்கு வாய்மூடி, அதாவது கடிக்க முடியாதபடி முகவாயில் பொருத்தும் தோல் அல்லது கம்பிக்கூடு, இல்லை. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். பிணையில் விடத்தக்க குற்றமாதலால் பிணையும் கிடைத்தது. அதே வாரத்தில் மாநில அரசின் கால்நடை பராமரிப்புத் துறை மத்திய அரசின் பட்டியலை ஒட்டி ஒரு தடையாணையை வெளியிட்டு, நீதிமன்றங்கள் ஏற்கெனவே அப்பட்டியலை நிறுத்தியிருந்ததால் உடனே திரும்பப் பெற்றுக்கொண்டது. மார்ச் மாதச் சுற்றறிக்கை நடைமுறையில் இருந்திருந்தாலும் அச்சிறுமியை அது காத்திருக்காது என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அந்நாய்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தவை. அவற்றுக்கு அச்சுற்றறிக்கை விதித்தது கருத்தடையே, வாரும் வாய்மூடியும் அல்ல. கருத்தடை செய்யப்பட்ட ராட்வீலருக்கும் பல் இருக்கிறது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் அண்டை வீட்டுப் பிட்புல் தாக்கி 55 வயது ஆண் ஒருவர் உயிரிழந்தார். நாயைத் தடுக்க முயன்ற அதன் உரிமையாளரும் காயமுற்றார். இந்த இரண்டாவது செய்தியே இவ்வுரையின் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. உரிமையாளர் ஓடிப்போகவில்லை, அருகில்தான் இருந்தார், தடுக்கவும் முயன்றார், ஆயினும் இயலவில்லை. தம் கையால் பிடித்து நிறுத்த முடியாத ஒரு விலங்கைத் தெருவுக்குக் கொண்டுவருவதற்கு யாருக்கும் உரிமையில்லை என்ற எளிய விதி, இனப்பட்டியல் எதனினும் பயனுள்ளது. 2025 டிசம்பரில் பெருநகர சென்னை மாநகராட்சி, பிட்புல், ராட்வீலர் ஆகிய இரண்டுக்கும் புதிய உரிமம் வழங்குவதில்லை என்று முடிவெடுத்தது. மீறுவோர்க்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் என்றும், ஏற்கெனவே உரிமம் உள்ளவர்கள் வாரும் வாய்மூடியும் இன்றி வெளியே கொண்டுவரக் கூடாது என்றும் கூறிற்று. இந்த ஆணையின் முற்பகுதி செய்தித்தாள்களில் பெரிய எழுத்தில் வந்தது. உயிர்காக்கும் பகுதி பிற்பகுதியே.

பட்டியலின் குறை என்னவென்று அறிய இங்கிலாந்தின் அனுபவம் போதும். அங்கே 1991-ஆம் ஆண்டின் அபாய நாய்கள் சட்டம் பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபீலா பிரேசிலேரோ என்ற நான்கைத் தடைசெய்தது. தடைசெய்யப்பட்டதன் சாயலோடு, ஆனால் பெயரில் வேறாக, எக்ஸ்.எல். புல்லி என்ற இன்னும் பெரிய வகை பின்னர் பெருகிற்று. அதனால் பல உயிர்கள் போனபின், 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இன்றி அதையும் வைத்திருப்பது குற்றமாக்கப்பட்டது. சட்டம் ஒரு பெயரைப் பிடிப்பதற்குள் சந்தை அடுத்த பெயரைக் கண்டுபிடித்துவிடுகிறது. நெதர்லாந்தோ 1993-இல் கொண்டுவந்த பிட்புல் தடையை, கடிகள் குறையவில்லை என்று கண்டு 2008-இல் கைவிட்டது. தமிழ்நாட்டில் 2024-இல் வெளியான மாநில நாய் இனப்பெருக்கக் கொள்கையிலும் ஒரு பட்டியல் உண்டு. ஆனால் அது வேறு நோக்கம் கொண்டது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, பக் உள்ளிட்ட 11 இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று அது சொல்வது, அவை கடிக்கும் என்பதற்காக அன்று, இந்த வெயிலை அவை தாங்கா என்பதற்காக. இரண்டு பட்டியல்களையும் குழப்பிக்கொண்டு, ‘அரசு தடைசெய்த நாய்’ என்று பக் நாயைக் கண்டு அஞ்சுவோரும் இருக்கக்கூடும்.

பட்டியல் தேவையில்லை என்றால் சட்டத்தில் வேறென்ன இருக்கிறது என்ற வினா எழும். இருக்கிறது, அதுவும் பழையது, வலுவானது, ஏறத்தாழ யாராலும் பயன்படுத்தப்படாதது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. தம் வசம் உள்ள விலங்கினால் மனித உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தையோ கொடுங்காயத்தையோ தடுப்பதற்குப் போதுமான நடவடிக்கையை, அறிந்தோ கவனக்குறைவாகவோ, எடுக்கத் தவறுபவர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்பது அதன் சாரம். பழைய சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாய். அது ஐந்து மடங்கானது தவிரப் பிரிவு பெரிதும் மாறவில்லை. இப்பிரிவில் கருதத்தக்க செய்திகள் மூன்று உள்ளன. முதலாவது, குற்றவாளி ஆவதற்கு ஒருவர் நாயின் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை, நாய் அவர் வசம் இருந்தாலே போதும். ஆகவே முதலாளியின் நாயைக் காலையில் நடத்திச் செல்லும் வேலையாளும், ஊருக்குப் போன தம்பியின் நாயைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனும் இதற்குள் அடங்குவர். இரண்டாவது, எடுத்த நடவடிக்கை ஆபத்தைத் தடுப்பதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும். பத்து கிலோ நாய்க்குப் போதுமான கயிறு ஐம்பது கிலோ நாய்க்குப் போதாது என்பதால், வலிமைக்கு ஏற்ப உயரும் கடமையைச் சட்டம் இனப்பெயர் எதையும் சொல்லாமலே உள்ளடக்கி நிற்கிறது. மூன்றாவதும் முதன்மையானதுமான செய்தி, கடி நிகழ்ந்திருக்க வேண்டும் என்று இப்பிரிவு கேட்கவில்லை. நடவடிக்கை எடுக்கத் தவறியதே குற்றம். வாரும் வாய்மூடியும் இன்றி ஒரு பெருநாய் பள்ளி விடும் நேரத்தில் தெருவில் திரியுமானால், யார் காலிலும் பல் படுவதற்கு முன்பே காவல் நிலையத்தில் முறையிடலாம். நடைமுறையிலோ இரத்தத்தைக் காணாமல் இப்பிரிவு எழுந்து வருவதில்லை.

இதற்குத் துணையாக நிற்பது குடிமக்கள் பாதுகாப்பு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆக இருந்த இது, பொதுத்தொல்லைகளை நீக்க நிர்வாக நடுவர்க்கு அதிகாரம் தருகிறது. அபாயமான விலங்கை அடைத்து வைக்கவோ வேறு வகையில் அகற்றவோ ஆணையிடுவதும் அவ்வதிகாரத்தில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டுள்ளது. கோட்ட நடுவர் என்ற முறையில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இதன்கீழ் மனுச் செய்யலாம். பள்ளிப்பட்டு வட்டத்தாருக்கு அந்த அலுவலகம் திருத்தணியில் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல், ஒரு தெருவார் கூடிக் கையெழுத்திட்டுக் கொடுக்கத்தக்க மனு இது. தண்டிப்பதற்காக அன்றித் தடுப்பதற்காக அமைந்த பிரிவு ஆதலால், அண்டை வீட்டாரோடு பகை வளர்க்க விரும்பாதவர்க்கு இதுவே தக்க வழி.

நாயின் பக்கம் நிற்கும் சட்டத்தையும் அறிந்தாக வேண்டும். விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960, தன் 11-ஆம் பிரிவில், மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் விலங்கைக் கட்டிவைப்பதைக் குற்றமாக்குகிறது. அதோடு, வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாயை உரிய அளவு நடமாட விடாதிருப்பதையும் தனியே குற்றமாக்குகிறது. நாயை ஓடவிடாமை குற்றம் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த சட்டம் இது என்று அறிந்தவர் குறைவு. ஆனால் இதற்கான தண்டனை முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை அபராதம். அதே வேளையில், தொல்லை தருகிறதென்று அண்டை வீட்டார் அந்த நாய்க்கு நஞ்சிட்டுவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. கெடுத்து வளர்த்தவர்க்கு ஐம்பது ரூபாய், கட்டவிழ்த்து விட்டவர்க்கு ஆறு மாதம், அஞ்சிக் கொன்றவர்க்கு ஐந்தாண்டு. கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் 106-ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை செல்லும் என்பது உண்மையே. ஆயினும் ஓர் உயிர் போகும் வரை காத்திருக்கும் சட்ட ஏற்பாடு நேர்மையானதாகத் தோன்றவில்லை. ஐம்பது ரூபாய் அபராதம் மாற்றப்பட வேண்டும் என்பதில் விலங்கு நல ஆர்வலர்களும் கடிபட்டவர்களும் ஒன்றாக நிற்க இடமுண்டு. ஏனெனில் வதைபட்டு வளர்ந்த நாயே தெருவுக்கு வந்து கடிக்கிறது.

அந்த வளர்ப்பைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். நாய்க்குட்டி பிறந்த மூன்றாம் வாரம் தொடங்கி ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரை உள்ள காலம் பழகுபருவம் எனப்படும். உலகில் எது இயல்பானது, எது அஞ்சத்தக்கது என்பதை அதன் மூளை அப்பருவத்தில்தான் பிரித்துக்கொள்கிறது. அப்போது கண்ட குழந்தை, கைத்தடி ஊன்றிய முதியவர், தலைச்சுமைக்காரர், மிதிவண்டி, விசைத்தறியின் ஓசை ஆகியவை பின்னாளில் அதற்கு அச்சமூட்டா. நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள், 2017, எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. எனவே வாங்கியவர் கையில் எஞ்சியிருப்பது ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம். அந்த ஒரு மாதத்தைத்தான் நம்மவர் பெரும்பாலும் வீணாக்குகின்றனர். தடுப்பூசி முடியவில்லை என்று ஒரு காரணமும், யாரிடமும் ஒட்டாமல் வளர்ந்தால்தான் நல்ல காவல்நாய் ஆகும் என்று ஒரு நம்பிக்கையும் சேர்ந்து, குட்டி மொட்டைமாடிக்குப் போய்விடுகிறது. தடுப்பூசித் தடையைத் தாண்ட வழியுண்டு. கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டலாம், தரையில் விட வேண்டியதில்லை. நம்பிக்கையைத் தாண்டுவதுதான் கடினம். யாரையும் அறியாத நாய் எல்லாரையும் கள்வன் என்றே கொள்ளும்; பால்காரரையும் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் கள்வனையும் பிரித்தறிய அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை.

காவல்நாய் என்பதைத் தமிழர் அறியாதவர் அல்லர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்றுள்ளது. ஆநிரை மீட்கும் பூசலில் பட்ட வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் அவனுடைய நாயும் அக்கல்லில் உருவமும் பெயரும் பெற்று நிற்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கல்லில் பெயர் பொறித்த ஊர், அதை விலங்காக மட்டும் கருதியிருக்க முடியாது. மந்தையோடும் மக்களோடும் திரிந்த நாயாக அது இருந்திருக்க வேண்டும்; அவ்வாறு இருந்ததனாலேயே ஊரார் யார், கள்வர் யார் என்று அதற்குத் தெரிந்திருக்கும். மொட்டைமாடியில் மூன்றடிச் சங்கிலியில் வளரும் இன்றைய காவல்நாய்க்கு அந்தப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. மேலும், மே மாதத்தில் தமிழ்நாட்டின் மிக வெப்பமான இடங்களுள் ஒன்றாகத் திருத்தணியின் பெயர் அடிக்கடி வானிலைச் செய்தியில் வருகிறது. அந்த வெயிலில் காங்கிரீட் தளத்தில் கட்டிக்கிடக்கும் நாய், தோல் வழியே வியர்த்துத் தணிய வழியின்றி மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுவது; நாள்தோறும் வெந்து கிடக்கும் விலங்கிடம் பொறுமையை எதிர்பார்ப்பது பேதைமை.

பயிற்சி என்றால் அடித்துப் பணியவைப்பது என்று கொள்வோர் இன்னும் உள்ளனர். அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்தும், கடிப்பதை நிறுத்தாது; உறுமலோ அது தரும் எச்சரிக்கை. எச்சரிக்கையை அடித்து அழித்தபின் முன்னறிவிப்பின்றிக் கடிக்கும் நாயே எஞ்சுகிறது. உடல் விறைத்து நிற்றல், கண்ணின் வெண்மை தெரியப் பக்கவாட்டில் பார்த்தல், உண்ணாத வேளையில் உதட்டை நக்குதல் ஆகியவை உறுமலுக்கும் முந்திய குறிகள். இவற்றை வீட்டில் உள்ள எல்லாரும், குறிப்பாகக் குழந்தைகள், அறிந்திருக்க வேண்டும். வலிய நாய்களின் தாக்குதல் வெளியாரை மட்டும் குறிவைப்பதன்று. 2022 ஜூலையில் லக்னோவில் ஒரு பிட்புல் கொன்றது அவ்வீட்டிலேயே வாழ்ந்த 82 வயது மூதாட்டியை. ஒரு நாயை வாங்குமுன், மகன் வேலைக்குப் போனபின் அதோடு வீட்டில் இருக்கப்போவது யார், அவர்களால் அதைப் பிடிக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளாத வீட்டில் வலிய நாய் இருக்கக் கூடாது. கடைப்பிடிக்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை பழக்கமே அன்றிச் செலவன்று: தானே சாத்திக்கொள்ளும் வாயிற்கதவு, அதற்கு உள்ளே இன்னொரு தடுப்பு, நாயின் எடையைத் தாங்க வல்லவர் கையிலேயே வார், தெருவில் இறங்கும்போதெல்லாம் வாய்மூடி. வாய்மூடி நாய்க்குத் துன்பம் என்பர். வாய் திறந்து மூச்சிரைக்கவும் நீர் குடிக்கவும் இடமுள்ள கூடைவகையைக் குட்டிப்பருவத்திலேயே தின்பண்டம் தந்து பழக்கினால், கழுத்துப்பட்டையைப் போல அதையும் நாய் ஏற்றுக்கொள்கிறது.

அண்டை அயலாருக்கும் கடமை உண்டு. வேலியினூடே கல்லெறிந்து குரைக்க வைத்து மகிழும் சிறுவரை அதட்டாத பெற்றோர், பின்னர் நாயை மட்டும் குறைகூற இயலாது. தாக்குதல் நேரும்போது நாயின் வாயிலிருந்து ஆளைப் பிடித்து இழுப்பது சதையை மேலும் கிழிக்கும். கனத்த போர்வையையோ சாக்கையோ நாயின் தலைமேல் போர்த்துவதும், இடையில் மிதிவண்டி, நாற்காலி எதையேனும் தள்ளுவதும் மேல். கடிக்காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவதே முதல் மருத்துவம். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புவது கேடு. தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாமல் அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை உடனே தொடங்கி, தோலினுள் செலுத்தும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் முடிக்க வேண்டும். இரத்தம் வந்த காயமானால் இம்யூனோகுளோபுலின் எனப்படும் எதிர்ப்புரத மருந்தும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்பட வேண்டும். ரேபிஸ் எனப்படும் வெறிநோயின் அறிகுறி தோன்றியபின் காப்பாற்றும் மருத்துவம் இல்லை.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் இச்சிக்கலைக் கையாளும் முறை இங்கே கருதிப் பார்க்கத்தக்கது. அங்கே வலிய இனங்கள் குறிப்பிட்ட நாய்கள் என்று தனியே வகுக்கப்பட்டுள்ளன. பிட்புல் வகையைப் புதிதாக இறக்குமதி செய்ய முடியாது. ஏற்கெனவே இருப்பவற்றுக்கு மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் செலுத்தப்படும் அரிசியளவு அடையாளச் சில்லு, கருத்தடை, கீழ்ப்படிதல் பயிற்சி, வெளியே வாரும் வாய்மூடியும் ஆகியன கட்டாயம். இவற்றுக்கு மேல் 1 லட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்குக் குறையாத காப்பீடும் வங்கி உத்தரவாதமும் வேண்டும். காப்பீட்டு விதியே அவற்றுள் மிகக் கூர்மையானது. கடிபட்டவரின் மருத்துவச் செலவை ஏற்க வகையில்லாதவர் அந்நாயை வளர்க்க முடியாது என்றாகிவிடுகிறது. வண்டி ஓட்டுவோர்க்கு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய இந்தியா, ஐம்பது கிலோ நாயை நடத்திச் செல்வோரிடம் அதைக் கேட்காதிருப்பதற்குத் தக்க காரணம் காண அரிது.

சிங்கப்பூரிலும் சென்னையிலும் இயலும் இவையெல்லாம் பள்ளிப்பட்டில் எங்ஙனம் என்று வினவலாம். உண்மையில் இங்கேதான் அதிகத் தேவையும் எளிமையும் உள்ளன. தறிக்கூடங்களும் வீடுகளும் சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் வாசலே குழந்தைகளின் ஆடுகளம். ஆடும் கோழியும் அவிழ்த்து விடப்பட்டிருக்கும். ஊரைச் சுற்றிய கரும்புக் கொல்லைகளுக்கும் மாந்தோப்புகளுக்கும் காவல்நாய் உண்மையான தேவை. அந்த நாயே தோப்பிலிருந்து தெருவுக்கு வரும்போது சிக்கலாகிறது. இன்னொன்று, 1960 ஏப்ரல் 1 அன்று இப்பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்த நாள் முதல் இது எல்லை ஊர். ஆந்திரத்து நகரிச் சந்தைக்குப் போய் வருவது போலவே நாய்க்குட்டியும் எல்லை தாண்டி வரும். மாநிலத்தின் கொள்கையும் மாநகராட்சியின் தடையும் எல்லையோடு நின்றுவிடும். 291-ஆம் பிரிவும் 152-ஆம் பிரிவும் நில்லா, ஏனெனில் அவை நாடு முழுமைக்கும் உரியவை. எந்த ஊரில் வாங்கிய நாய், எந்த வீட்டு நாய் என்பதற்குச் சான்று இல்லாதபோது, கடித்தபின் அது தெருநாயாகிவிடுவதும் உண்டு. வளர்த்தவர் அறியேன் என்று கைவிரித்துவிட்டால் காவலர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆதலால் முதலில் வேண்டுவது பதிவேடு. பேரூராட்சி எல்லைக்குள் வளர்க்கப்படும் ஒவ்வொரு நாயையும், நாட்டு நாயாயினும் அயல் நாயாயினும், உரிமையாளர் பெயர், வீட்டு எண், நாயின் எடை, ஆண்டுதோறும் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியின் நாள் ஆகியவற்றோடு குறித்துவைக்கும் ஒரு குறிப்பேடு. இனத்தைக் காட்டிலும் எடையைக் குறிப்பது மேல், ஏனெனில் இனத்தை மறுக்கலாம், தராசை மறுக்க இயலாது. குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட நாய்க்கு மைக்ரோசிப்பும், தெருவில் வாய்மூடியும் வேண்டும் என்று மன்றம் தீர்மானிக்கலாம். கால்நடை மருத்துவரைக் கொண்டு ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசி முகாம் நடத்தினால் பதிவேடும் அங்கேயே நிரம்பிவிடும். தங்கள் வார்டில் பெருநாய் உள்ள வீடுகள் எவை என்பதைத் தெருவார் ஏற்கெனவே அறிவர். அறிந்ததை எழுதிவைக்கச் சொல்வதே இது. பள்ளிப்பட்டுப் பேரூராட்சி மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்கு இப்பொருளைக் கொண்டுவருமாறு ஒவ்வொரு வார்டு மக்களும் தம் உறுப்பினரிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அதற்குச் சென்னையிலிருந்து ஆணை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.